ஸ்லாசன் முக்கு யாருக்குச் சொந்தம்? நிப்ஸி ஹஸிலும் அவருடைய ஊரும்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் தென்பகுதியில் கிரென்ஷா சாலையும் ஸ்லாசன் சாலையும் சந்திக்கும் நாற்சந்திக்கு இன்று ஒரு ராப் பாடகரின் பெயர். அந்த முக்கில்தான் அவர் இளைஞராக இருந்தபோது கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு தன் பாட்டு சி.டி.க்களை விற்றார். போலீஸ் விரட்டியது. பிறகு அண்ணனோடு சேர்ந்து அதே இடத்தில் கடையை வாடகைக்கு எடுத்தார். அதற்கும் பிறகு, கடைகள் வரிசையாக இருந்த அந்த வளாகத்தையே விலைக்கு வாங்கினார். 2019 மார்ச் 31 அன்று மதியம் தன் துணிக்கடை வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 33. பெற்றோர் வைத்த பெயர் எர்மியாஸ் ஆஸ்கெடோம். உலகம் அறிந்த பெயர் நிப்ஸி ஹஸில்.

இந்த வாழ்க்கையைப் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் சொல்கிறார்கள். ஒன்று, உழைத்தால் யாரும் உயரலாம் என்ற கதை. நம்மூரில் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் கார் வாங்கிவிட்டால் 'சாதியெல்லாம் இப்ப எங்க இருக்கு?' என்று கேட்பார்களே, அதற்கு உறவுக் கதை. இன்னொன்று, கேங்ஸ்டராக வாழ்ந்தவன் கேங்ஸ்டராகச் செத்தான் என்பது. இரண்டிலும் ஊர் இல்லை. அந்த ஊர் எப்படி உண்டானது, யார் அதை அப்படி ஆக்கினார்கள் என்பது இல்லை. ஹிப் ஹாப்பில் எல்லோரும்தான் தன் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாடுகிறார்கள். நிப்ஸி அந்த ஊரின் பத்திரத்தைக் கேட்டார். அந்த வேறுபாடு புரிய வேண்டுமானால் அவர் பிறப்பதற்கு 50 ஆண்டுகள் முன்னால் போக வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லாஸ் ஏஞ்சலிஸின் ஏராளமான குடியிருப்புகளில் கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதியிருப்பார்கள்: வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த மனையை விற்கக் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது. வீட்டு வேலைக்காரராக மட்டும் அங்கே தங்கலாம். வயலில் இறங்கலாம், தெருவில் நடக்கக் கூடாது என்ற கணக்கு நமக்குத் தெரியாததா? கறுப்பின மக்கள் சென்ட்ரல் அவென்யூவை ஒட்டிய பகுதிகளிலும் வாட்ஸ் பகுதியிலும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். கிரென்ஷா அப்போது வெள்ளையர் பகுதி.

தனியார் மனசு மட்டும் இதற்குக் காரணமில்லை. 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒவ்வொரு பெரிய நகரத்துக்கும் வரைபடம் தயாரித்தது. எந்தப் பகுதியில் கடன் கொடுத்தால் ஆபத்தில்லை, எந்தப் பகுதியில் ஆபத்து என்று நிறம் தீட்டினார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்தால் சிவப்பு. லாஸ் ஏஞ்சலிஸ் வரைபடம் 1939இல் வந்தது. சிவப்புப் பகுதியில் வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கடன் இல்லாவிட்டால் வீடு வாங்க முடியாது. வீடு இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு விட்டுப்போக ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பத்தின் சொத்து என்றால் முக்கியமாக அந்த வீடுதான். ஆகவே இது ஒரு தலைமுறையோடு முடிகிற இழப்பு அல்ல.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஷெல்லி எதிர் க்ரேமர் வழக்கில் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. உடனே வெள்ளையர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: கறுப்பருக்கு விற்ற பக்கத்து வீட்டுக்காரர் மேல் நஷ்ட ஈடு வழக்கு போடுவது. அதையும் 1953இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பாரோஸ் எதிர் ஜாக்சன் என்ற அந்த வழக்கு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்தே போனது. அதன் பிறகு கறுப்பினக் குடும்பங்கள் மேற்கு நோக்கி, கிரென்ஷா பக்கம் நகர ஆரம்பித்தன. இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்டுத் திரும்பிய ஜப்பானிய அமெரிக்கர்களும் அங்கே குடியேறினார்கள். வெள்ளையர்கள் வெளியேறினார்கள்.

சட்டம் வந்தால் சமூகம் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் 1964ஐக் கவனிக்க வேண்டும். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப்பாகுபாடு கூடாது என்று கலிஃபோர்னியா சட்டமன்றம் முந்தைய ஆண்டு ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதைச் செல்லாமல் ஆக்குவதற்கு ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 65 சதவீதம் பேர் செல்லாமல் ஆக்கு என்று வாக்களித்தார்கள். தென் மாநிலம் அல்ல, முற்போக்கு என்று பெயர் வாங்கிய கலிஃபோர்னியா. அந்த முடிவைப் பிறகு நீதிமன்றங்கள் ரத்து செய்தன. ஆனால் அதற்குள் 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பற்றி எரிந்தது. ஆறு நாட்களில் 34 பேர் செத்தார்கள். போலீஸ் ஒரு கார் ஓட்டுநரை நிறுத்தியதில் கலவரம் தொடங்கியது என்று பாடப்புத்தகம் சொல்லும். அதற்கு ஒன்பது மாதம் முன்புதான் 'நீ எங்கள் பக்கத்தில் குடிவரக் கூடாது' என்று மாநிலமே வாக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தது.

இனி ஸ்லாசன் என்ற பெயருக்கு வருவோம். 1950கள், 60களில் அந்தப் பெயரில் ஓர் இளைஞர் குழு இருந்தது, ஸ்லாசன்ஸ். வெள்ளை இளைஞர் கும்பல்கள் கறுப்பினப் பிள்ளைகளை அடித்து விரட்டிய காலம் அது. தற்காப்பும் தெருச் சண்டையும் கலந்ததுதான் இந்தக் குழுக்கள். அதன் தலைவர்களில் ஒருவர் அல்ப்ரென்டிஸ் 'பஞ்சி' கார்ட்டர். சிறைக்குப் போனார், மால்கம் எக்ஸை வாசித்தார், 1968இல் கருஞ்சிறுத்தைக் கட்சியின் தென் கலிஃபோர்னியா கிளையைத் தொடங்கினார். தெருவில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பையன்கள் காலையில் குழந்தைகளுக்கு உணவு கொடுக்கும் திட்டம் நடத்துகிற கட்சிக்குள் வந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தோன்றியதும், அதன் தொடர்ச்சி மதுரை வழியாக விடுதலைச் சிறுத்தைகள் வரை வந்ததும் நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிறுத்தையின் ஒரு கால்தடம் ஸ்லாசனிலும் இருக்கிறது.

1969 ஜனவரி 17 அன்று யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக வளாகத்தில் பஞ்சி கார்ட்டரும் ஜான் ஹக்கின்ஸும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் 'யு.எஸ்.' என்ற இன்னொரு கறுப்பின அமைப்பைச் சேர்ந்தவர்கள். இரண்டு அமைப்புகளுக்கும் இடையில் பகையை மூட்டிவிட எஃப்.பி.ஐ. போலிக் கடிதங்களும் கேலிச்சித்திரங்களும் அனுப்பியதை 1976இல் அமெரிக்க செனட் குழுவே விசாரித்து வெளியிட்டது. அதே 1969 டிசம்பரில் சென்ட்ரல் அவென்யூவில் இருந்த சிறுத்தைகளின் அலுவலகத்தை நூற்றுக்கணக்கான போலீசார் சுற்றி வளைத்தார்கள். இன்று திரைப்படங்களில் வீரதீரமாகக் காட்டும் ஸ்வாட் படைக்கு அதுதான் முதல் பெரிய நடவடிக்கை.

அந்த அலுவலகம் இருந்த அதே தென்பகுதியில், அதே காலத்தில், கிரிப்ஸ் என்ற கும்பல் உருவானது. பதின்ம வயதுப் பையன்கள்தான். அவர்களை அரசியலுக்கு அழைத்துப் போயிருக்கக் கூடியவர்கள் கல்லறையிலும் சிறையிலும் இருந்தார்கள். கேங் உருவாவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்த வரிசையை மறைத்துவிட்டு 'கறுப்பர்களின் கலாச்சாரமே அப்படி' என்று பேசுவது அயோக்கியத்தனம். பிறகு தொழிற்சாலைகள் போயின. சவுத் கேட் பகுதியில் ஃபயர்ஸ்டோன் டயர் ஆலை 1980இலும் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982இலும் மூடப்பட்டன. தொழிற்சங்க ஊதியம் போன இடத்தில் கிராக் கொக்கைன் வந்தது.

இந்த வரிசையின் முடிவில், 1985 ஆகஸ்ட் 15 அன்று எர்மியாஸ் பிறக்கிறார். அப்பா எரித்ரியாவிலிருந்து வந்தவர், அம்மா ஆப்பிரிக்க அமெரிக்கர். அவருக்கு ஆறு வயதாகும்போது, ராட்னி கிங்கை அடித்த போலீசார் விடுதலையாகி, 1992இல் ஊர் மறுபடி எரிந்தது. இந்த முறை 60 பேருக்கு மேல் செத்தார்கள். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. பதின்ம வயதிலேயே கிரிப்ஸின் கிளையான ரோலின் 60ஸ் குழுவில் சேர்ந்தார். இதை அவர் மறைத்ததில்லை, பெருமை பீற்றியதும் குறைவு. அந்தத் தெருவில் வளர்ந்தால் அந்தக் குழுவில்தான் இருப்பாய் என்பதைப் போலப் பேசுவார்.

2004இல் அப்பா தன் மகன்களை எரித்ரியாவுக்கு அழைத்துப் போனார். மூன்று மாதம். தன்னைப் போன்ற நிறமுடையவர்களே கடை முதலாளி முதல் நாட்டின் தலைவர் வரை எல்லா இடத்திலும் இருப்பதைப் பார்த்தது தன் மூளையை மாற்றியது என்று பின்னாளில் பல பேட்டிகளில் சொன்னார். (எரித்ரியாவில் 1993இல் விடுதலை கிடைத்ததிலிருந்து இன்றுவரை தேசியத் தேர்தல் நடந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 18 வயதுப் பையன் கண்ணில் அது படவில்லை என்பது புரிகிறது. 2018இல் மறுபடி போய் அதிபரைச் சந்தித்தபோது பட்டிருக்கலாம்.) திரும்பி வந்ததும் 2005இல் முதல் மிக்ஸ்டேப்பை வெளியிட்டார். தலைப்பிலேயே ஸ்லாசன் இருந்தது: ஸ்லாசன் பாய். அது வெறும் தெருப்பெயர் அல்ல என்பது இப்போது தெரிந்திருக்கும்.

எபிக் என்ற பெரிய இசை நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2010இல் அதிலிருந்து வெளியே வந்தார். பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தம் எப்படி இயங்கும் என்பதை நம் தம்பி தங்கைகள் தெரிந்துகொள்வது நல்லது. இப்போது நம் பகுதிகளிலும் ராப் பாடுகிறவர்களை நிறுவனங்கள் தேடி வருகின்றன. முதலில் ஒரு முன்பணம் தருவார்கள். அது கூலி அல்ல, கடன். பதிவுச் செலவு, வீடியோ செலவு எல்லாம் உன் பங்கிலிருந்து கழியும். கடன் தீர்ந்த பிறகும் மூலப் பதிவின் உரிமை அவர்களிடமே இருக்கும். அதாவது, நீ விதைத்து அறுத்த வயலில் வாரம் அளந்துகொண்டே இருக்க வேண்டும். கறுப்பின இசையின் நூற்றாண்டு வரலாறே இந்தக் குத்தகைதான். நிப்ஸிக்குப் பிடிபட்டது இதுதான். ஆல் மணி இன் என்ற பெயரில் சொந்த நிறுவனம் நடத்தினார், 2010 டிசம்பரில் தி மாரத்தான் என்ற மிக்ஸ்டேப்பை அதன் வழியாக வெளியிட்டார்.

2013 அக்டோபரில் கிரென்ஷா என்ற தொகுப்பு வந்தது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கையில் வேண்டுமா? 1000 பிரதிகள் மட்டும், ஒன்று 100 டாலர். ஒரு சந்தைப்படுத்தல் புத்தகத்தில் 100 டாலர் சாண்ட்விச்சைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்த யோசனை பிறந்ததாகச் சொன்னார். எல்லாம் விற்றன. ஜே-ஸி மட்டும் 100 பிரதிகள் வாங்கினார். அடுத்த தொகுப்புக்கு 100 பிரதிகள், ஒன்று 1000 டாலர். கேட்கிறவரெல்லாம் இலவசமாகக் கேட்கட்டும், இந்த ஊர் நிற்க வேண்டும் என்று நினைப்பவர் காசு கொடுக்கட்டும். நம் சிறுபத்திரிகைகள் சந்தா கேட்டது இதே தர்க்கத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. என்ன, நாம் 100 டாலர் கேட்கவில்லை.

2017 ஜூனில் முக்கில் மாரத்தான் துணிக்கடை திறந்தது. அக்கம்பக்கத்து ஆட்களுக்கு, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. 2018 பிப்ரவரியில் டேவிட் கிராஸ் என்ற முதலீட்டாளருடன் சேர்ந்து வெக்டர் 90 என்ற இடத்தைத் திறந்தார். மேலே சிறு தொழில் செய்பவர்கள் பகிர்ந்துகொள்ளும் அலுவலகம், கீழே பிள்ளைகளுக்கு அறிவியல், தொழில்நுட்பப் பயிற்சி. அதே மாதம் விக்டரி லேப் வந்தது, இத்தனை ஆண்டுகளில் அவருடைய முதல் முழு ஆல்பம். அட்லாண்டிக் நிறுவனத்தோடு சேர்ந்து, ஆனால் பங்காளியாக. பில்போர்டு பட்டியலில் நான்காவது இடத்தில் நுழைந்தது, கிராமிக்கும் பரிந்துரையானது.

பிறகு அந்தக் கடை வளாகத்தையே கிராஸோடு சேர்ந்து வாங்கினார். அவர் இறந்த பிறகு நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு செய்தி இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. லாஸ் ஏஞ்சலிஸ் போலீசும் நகர வழக்கறிஞர் அலுவலகமும் அந்த வளாகத்தைக் கேங் நடமாட்டமுள்ள இடம் என்று சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தன. நிப்ஸியின் கடையைக் காலி செய்யச் சொல்லிப் பழைய உரிமையாளருக்கு நெருக்கடி இருந்தது. வாடகைதாரரைத் துரத்தலாம். உரிமையாளரை எப்படித் துரத்துவது? அந்தக் கிரயத்தை நான் முதலீடாகப் பார்க்கவில்லை.

கலிஃபோர்னியாவில் கேங் உறுப்பினர் என்று போலீஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உடுத்தும் நிறம், நிற்கும் முக்கு, கூட இருக்கும் நண்பன், இவை போதும் அதில் சேர. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டாம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சாட்சி: நிப்ஸி கொல்லப்பட்ட அன்று, நீண்ட சிறைவாசம் முடித்துப் பரோலில் இருந்த ஒரு பெரியவர் சட்டை வாங்க அந்தக் கடைக்கு வந்திருந்தார். அவர் மேலும் குண்டு பாய்ந்தது. சில நாள் கழித்து அவரைக் கைது செய்தார்கள். குற்றம், கேங் உறுப்பினர் ஒருவரோடு பழகியது. அந்த 'உறுப்பினர்' நிப்ஸி. ஊரே கொதித்த பிறகுதான் விட்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 1ஆம் தேதி, அதாவது கொலைக்கு மறுநாள், கேங் வன்முறையைக் குறைப்பது பற்றிப் போலீஸ் உயரதிகாரிகளோடு நிப்ஸிக்குச் சந்திப்பு குறிக்கப்பட்டிருந்தது.

சுட்டது வெளியாள் அல்ல. அதே குழுவில் இருந்தவர், தெரிந்தவர். ஒரு சின்னப் பேச்சில் மூண்ட கோபம். 2022இல் குற்றம் நிரூபணமாகி, அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை வந்தது. ஏப்ரல் 11 அன்று ஸ்டேப்பிள்ஸ் அரங்கில் அஞ்சலி. ஒபாமாவின் கடிதம் வாசிக்கப்பட்டது. சவ ஊர்வலம் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸ் முழுக்க சுமார் 25 மைல் சுற்றி வந்தது. எதிரெதிர்க் குழுக்களின் ஆட்கள் சேர்ந்து நடந்தார்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருகிறேன். முக்கை வாங்கியது விடுதலையா?

நிப்ஸியின் குறைகளை மூடி வைத்துப் பேசுவதில் பயனில்லை. கறுப்பின ஆண்மையைப் பற்றி 2018இல் அவர் போட்ட ஒரு பதிவு தன்பாலீர்ப்பாளர்களைக் கீழ்மைப்படுத்தியது, கறுப்பினத் தோழர்களே அதைக் கண்டித்தார்கள். பொருளாதாரத்திலும் சிக்கல் உண்டு. 2016இல் ஒய்.ஜி. என்ற பாடகருடன் சேர்ந்து டிரம்பை நேரடியாகத் தாக்கிப் பாடியவர்தான். ஆனால் டிரம்ப் காலத்து வரிச் சட்டத்தில் வந்த 'வாய்ப்பு மண்டலம்' என்ற சலுகையை வைத்துத் தங்கள் பகுதிகளில் முதலீடு செய்யலாம் என்று அவரும் கிராஸும் திட்டமிட்டார்கள். ஏழைப் பகுதியில் முதலீடு செய்யும் பணக்காரருக்கு வரிச்சலுகை என்பதுதான் அந்தச் சட்டம். அதைப் பயன்படுத்தி நிப்ஸி ஒரு கட்டிடம் வாங்கும் நேரத்தில் பெருமுதலாளிகள் ஒரு தெருவையே வாங்கிவிட முடியும்.

1947இல் அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' எழுதியபோது, ஒவ்வொரு தலித் குடும்பமும் உழைத்து ஆளுக்கொரு துண்டு நிலம் வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லவில்லை. நிலம் அரசின் உடைமையாக வேண்டும், கூட்டாகப் பயிரிட வேண்டும், பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே கேட்டார். நம் பஞ்சமி நில வரலாறு இதை வலியோடு உறுதி செய்கிறது: விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலமே கை மாறியது, அதைக் கேட்டுப் போராடியதற்கு 1994இல் காரணையில் இரண்டு உயிர்கள் போயின. தனியாளின் பத்திரம் தனியாளோடு நின்றுவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. ஆனால் வங்கியும் அரசும் போலீசும் சேர்ந்து 80 ஆண்டுகள் நிலம் தர மறுத்த இடத்தில், கூட்டு உடைமை வரும்வரை காத்திரு என்று ஒரு இளைஞனிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கிரென்ஷாவில் இந்த விவாதம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நகரத்தின் புதிய ரயில் பாதை 2022 அக்டோபரில் கிரென்ஷா சாலை வழியாக ஓடத் தொடங்கியது. அதன் ஒரு நிலையம் ஸ்லாசன் முக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரயில் வரும் என்று தெரிந்ததிலிருந்தே வீட்டு விலையும் வாடகையும் பேச்சாகிவிட்டன. முக்கிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வடக்கே, 1947இல் திறக்கப்பட்ட பெரிய வணிக வளாகம் ஒன்று இருக்கிறது. அது விற்பனைக்கு வந்தபோது அந்தப் பகுதி மக்கள் 'டவுன்டவுன் கிரென்ஷா ரைசிங்' என்று அமைப்பாகத் திரண்டார்கள். தனி முதலாளி வேண்டாம், ஊர் மக்களின் நில அறக்கட்டளை பெயரில் வாங்குவோம், கடையும் மலிவு வாடகை வீடும் நம் கட்டுப்பாட்டில் இருக்கட்டும் என்றார்கள். நன்கொடையாளர்களையும் கடன் தருவோரையும் தேடிப் பிடித்து, பெருநிறுவனங்களோடு போட்டியிட்டு விலையும் கேட்டார்கள். ஊர்வலம் போனார்கள், வாங்க வந்த சில முதலீட்டாளர்கள் பின்வாங்கும் அளவுக்கு எதிர்ப்புக் காட்டினார்கள். 2021இல் அந்த வளாகம் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.